சக்கர நட்டும் ஒரு விரல் கிரீஸும்

மாட்டுவண்டிக்கு மசகு இடுதல் நம் நாட்டின் மிகப் பழைய பொறியியல் அறிவுகளுள் ஒன்று. அச்சின்மீது சக்கரம் சுழல்கிறது. அங்கே உராய்வு பகை. ஆதலின் வண்டிக்காரர் மசகு பூசினார்; சக்கரம் கழன்று ஓடாதிருக்கக் கடையாணி செருகினார். ஜீப்பும் டிராக்டரும் காரும் வந்து பல்லாண்டுகள் ஆன பின்னரும் அந்தப் பழக்கம் நம் கைகளை விட்டு அகலவில்லை. சக்கரத்தைக் கழற்றினால், மீண்டும் மாட்டுமுன் ஸ்டட்டுகளின்மீது ஒரு விரல் கிரீஸ் தடவுகிறோம். தடவிய பின், ஸ்பானரின்மேல் ஏறி நின்று மிதித்து நட்டை முடுக்குகிறோம். இவ்விரண்டையும் நல்ல பராமரிப்பின் அடையாளமென்றே பலர் கருதுகின்றனர். இரண்டும் ஒன்று சேருமிடத்து நேர்வது யாது என்பதை எடுத்துரைப்பதும், அரசு வண்டிகளையும் பள்ளி வண்டிகளையும் பண்ணை டிரெய்லர்களையும் தம் பொறுப்பில் வைத்திருப்போர் செய்யத்தக்கது யாது என்பதுபற்றி என் கருத்தைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். காரின் சக்கரம் ஸ்டட்டுகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நட்டை முடுக்கும்போது ஸ்டட்டு நீள்கிறது. நீண்ட எஃகு தன் பழைய அளவுக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சியே சக்கரத்தட்டைக் குடத்தின் முகத்தோடு, அதாவது பட்டறையில் ஹப் என வழங்கும் பகுதியோடு, நெருக்கிப் பிடிக்கிறது. இவ்வாறு நெருக்குண்ட இரு முகங்களுக்கிடையே தோன்றும் உராய்வுதான் வண்டியின் பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. எனவே ஸ்டட்டு என்பது ஓர் ஆணியன்று. அது மிக வலிய, மிகக் குறுகிய ஒரு வில். நட்டை முடுக்குதல் என்பது அவ்வில்லை நாணேற்றுவது போன்றது.

அந்த வில் எவ்வளவு நீள்கிறது? சிறு கார்களில் பெருவழக்காக உள்ளது 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் உடைய ஸ்டட்டு. அதற்கு ஏறத்தாழ 110 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கொடுக்கிறோம் என்று கொள்வோம். பொறியாளர் வழங்கும் எளிய சூத்திரம் ஒன்றுண்டு. திருப்புவிசையை, ஸ்டட்டின் விட்டத்தாலும் உராய்வைக் குறிக்கும் ஓர் எண்ணாலும் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். எண்ணெய் படாத எஃகு மரைக்கு அந்த எண் 0.2 என்பர். அதன்படி 110ஐ 0.2ஆலும் 0.012 மீட்டராலும் வகுக்க, ஏறத்தாழ 46,000 நியூட்டன், அதாவது 4.7 டன் எடைக்கு ஒப்பான இழுவிசை வருகிறது. நான்கு நட்டுகளும் சேர்ந்து பதினெட்டு டன்னுக்கு மேற்பட்ட நெருக்கத்தைச் சக்கரத்தின்மேல் செலுத்துகின்றன. நட்டின் இருக்கை கூம்பு வடிவில் இருப்பின் உராய்வு மிகுமாதலால் உண்மை எண் இதனினும் குறையும். எனினும் ஒப்பு நோக்குவதற்கு இக்கணக்குப் போதும். இத்துணை இழுப்பில், பிடியில் உள்ள 25 மில்லிமீட்டர் நீள எஃகு நீள்வது 0.065 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு தலைமயிரின் பருமனை ஒத்த இந்த நீட்சியின்மேல்தான் வண்டியில் அமர்ந்திருப்போரின் உயிர் நிற்கிறது.

இச்சிறு எண்ணை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். புதிதாக வண்ணம் பூசிய டிரெய்லர்களின் சக்கரங்கள் ஏன் தளர்கின்றன என்ற வினாவுக்கு இதிலேயே விடை அடங்கியிருக்கிறது. வண்ணப்பூச்சின் ஒரு படலம் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவு இருக்கும். சக்கரத்தட்டின் முகத்திலும் குடத்தின் முகத்திலும் நட்டின் இருக்கையிலும் வண்ணம் பூசப்பட்டிருந்தால், ஓட்டத்தின் அதிர்ச்சியில் அது நசுங்கி அரைபட்டு வெளியேறும். ஸ்டட்டு நீண்டிருந்ததும் ஏறக்குறைய அவ்வளவே அன்றோ? நட்டு ஓர் இம்மியும் திரும்பாமல், நெருக்கம் மட்டும் மறைந்துவிடுகிறது. துருவும் சேறும் செய்வதும் இதுவே. அழுத்தி உருவாக்கிய இரும்புச் சக்கரத்தில் நட்டு அமரும் இடம் சற்று மேடாக அமைந்து தானும் ஒரு வில்லாக வளைந்துகொடுப்பதால் ஓரளவு ஈடுசெய்யும். ஆயினும் அதனை நம்பி வண்ணம் பூசலாகாது.

இனி எண்ணெய்க்கு வருவோம். நட்டை முடுக்க நாம் செலவிடும் முயற்சி முழுவதும் ஸ்டட்டை நீட்டுவதற்குப் பயன்படுவதில்லை. ஏறத்தாழப் பாதி, நட்டுக்கும் அதன் இருக்கைக்கும் இடையிலான உராய்வில் கழிகிறது. பத்தில் நான்கு பங்கு மரையின் உராய்வில் கழிகிறது. எஞ்சிய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு செலவாகும் குடும்பத்தில், செலவு சிறிது குறைந்தாலும் சேமிப்பு பன்மடங்கு பெருகுமல்லவா? அதுபோலவே உராய்வு சற்றுக் குறைந்தாலும் இழுவிசை பெரிதும் உயர்கிறது. எண்ணெய் இட்ட மரைக்கு உராய்வெண் 0.15 எனக் கொண்டால், அதே 110 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை 4.7 டன்னுக்குப் பதில் 6.2 டன் இழுவிசையைத் தருகிறது. மாலிப்டினம் கலந்த கிரீஸைத் தடவினால் அந்த எண் 0.12 வரை இறங்கும், இழுவிசை 7.8 டன்னாக ஏறும். 8.8 என்னும் வலிமைத் தரம் உடைய ஸ்டட்டு நிரந்தர நீட்சியடையாமல் தாங்கக்கூடியது 5.2 டன் அளவே, 10.9 தரம் உடையது ஏழரை டன்னை ஒட்டித் தாங்கும். அளவு கருவியின் முள் சரியான எண்ணையே காட்டிக்கொண்டிருக்க, ஆணி மட்டும் தன் எல்லையைக் கடந்துவிடுகிறது.

எல்லை கடந்த எஃகு வில்லின் குணத்தை இழந்துவிடும். அடுத்த முறை முடுக்கும்போது மரை நசியலாம். அதற்கடுத்த முறை ஆணியே முறியலாம். முறியும் இடம் அலுவலக முற்றமாக இருந்தால் நல்லூழ் எனலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டுதல் எளிது. மோட்டார் சைக்கிளின் பின்புற அதிர்வு தாங்கியிலிருந்து கழற்றிய பழைய சுருள்வில் ஒன்றை, முழு நீளமும் மரையிட்ட நீண்ட போல்ட்டில் கோத்து, இருபுறமும் தடித்த வாஷர்களை இட்டு, நட்டைப் பூட்டுக. போல்ட்டின் தலையை இடுக்கியில் பற்றிக்கொண்டு, ஸ்பானரின் முனையில் 2 கிலோ அளவுள்ள வில் தராசை மாட்டி, செங்குத்துத் திசையில் இழுக்க வேண்டும். தராசு ஒரு குறிப்பிட்ட அளவைக் காட்டும் வரை இழுத்து, சுருள்வில்லின் நீளத்தை அளவுகோலால் அளந்து எழுதுக. பின்னர் நட்டைத் தளர்த்தி, மரையிலும் வாஷரிலும் எண்ணெய் இட்டு, அதே இழுப்பில் மீண்டும் முடுக்கி அளக்க. வில் முன்னைவிட மிகுதியாகச் சுருங்கியிருக்கக் காணலாம். திருப்புவிசை, உராய்வு, ஹூக்கின் விதி ஆகிய மூன்று பாடங்களும் ஒரே மேசைமீது கிடைக்கின்றன. மேல் வகுப்பு மாணவர்கள் யங் குணகத்தைக் கொண்டு, முன்னர்க் கூறிய 0.065 மில்லிமீட்டரைத் தாமே கணக்கிட்டுக் காணட்டும். நூலில் உள்ள யங் குணகம் தன் ஊர்ப் பேருந்தின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அறியும் மாணவன் அதனை மறப்பதில்லை.

அப்படியாயின் எண்ணெயே கூடாதென விதித்துவிடலாமா? இங்குதான் நம் பட்டறைகளில் வழக்கு முற்றுகிறது. ஒரு சாரார் எண்ணெய் இடாவிடில் துருப்பிடித்து நட்டு இறுகிப்போகும் என்பர். மற்றொரு சாரார் எண்ணெய் இட்டால் நட்டு தானே கழன்றுவிடும் என்பர். இரு சாராரும் வினாவைப் பிழையாகவே கேட்கின்றனர் என்பது என் கருத்து. கைந்நூலில் அச்சிட்ட திருப்புவிசை எண் தனித்து நிற்பதன்று. மரை எந்நிலையில் இருக்கவேண்டும் என்னும் விதியோடு சேர்ந்தே அதற்குப் பொருள் உண்டு. பெரும்பாலான கார்த் தயாரிப்பாளர் தூய, உலர்ந்த மரைக்கே எண்ணைக் கொடுக்கின்றனர். ஆனால் நடுத்துளையால் குடத்தின்மேல் அமர்ந்து, சுழலும் வாஷரோடு கூடிய தட்டை நட்டுகளால் பூட்டப்படும் கனரக லாரிச் சக்கரங்களுக்கு, மரையில் இரு துளியும் நட்டுக்கும் அதன் வாஷருக்கும் இடையே ஒரு துளியும் எண்ணெய் இடவேண்டுமென்று அமெரிக்கச் சக்கரத் தயாரிப்பாளர் கூறுகின்றனர். அவர்கள் தரும் 610 முதல் 680 நியூட்டன் மீட்டர் வரையுள்ள எண் எண்ணெய் இட்ட மரைக்கு உரியது. அதே நாட்டில், பந்து வடிவ இருக்கையில் அமரும் பழைய வகை நட்டுகளை உலர்வாகவே பூட்ட வேண்டும் என்பது விதி. லாரியில் கற்ற பழக்கத்தைக் காருக்குக் கொண்டுவருவோரும், காரில் கற்றதை லாரிக்குக் கொண்டுசெல்வோரும் ஒருங்கே தவறுகின்றனர்.

ஆகவே கள அலுவலகங்களுக்கு நான் பரிந்துரைப்பது இது: கைந்நூல் வேறு கூறினாலன்றி, மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தூய்மை செய்து, துணியால் துடைத்து, உலர்வாகவே பூட்டுக. துருவைப் பற்றிய அச்சம் நியாயமானதே. குறிப்பாகக் கடற்கரை மாவட்டங்களில் சக்கரம் குடத்தோடு ஒட்டிக்கொண்டு, கழற்ற வராமல் வருத்துவதை யாவரும் அறிவர். அதற்கு மருந்து, குடத்தின் நடுவே சக்கரத்துளை அமரும் வளையத்தில் மெல்லியதாக கிரீஸ் பூசுதல். அது நட்டின் இருக்கைக்கோ ஸ்டட்டுக்கோ, தட்டும் குடமும் நெருங்கும் முகத்துக்கோ, பிரேக்குக்கோ பரவலாகாது. நட்டை விரலால் சுழற்றும்போதே தடைப்படும் அளவு மரை கெட்டிருந்தால், எண்ணெயால் ஏமாற்றாமல் ஸ்டட்டையும் நட்டையும் மாற்றுவதே முறை.

எண்ணெய் இட்டால் நட்டு தானே கழலும் என்ற அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். நட்டு கழல்வதன் காரணத்தைத் தெளிவாக ஆராய்ந்து காட்டியவர் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர், ஆண்டு 1969. மேலும் கீழுமாக நேரும் அதிர்ச்சியைவிட, ஆணிக்குக் குறுக்குத் திசையில் நேரும் சறுக்கலே நட்டைத் திருப்பிக் கழற்றுகிறது என்று அவர் சோதனைப் பொறி அமைத்து மெய்ப்பித்தார். நெருக்கம் போதுமாயின் முகங்கள் சறுக்கா. முகங்கள் சறுக்காவிடின் நட்டு திரும்பாது. நெருக்கம் குன்றியபோதுதான் சக்கரம் குடத்தின்மேல் சிறிது சிறிதாக நகரத் தொடங்குகிறது. ஒவ்வொரு நகர்விலும் மரையின் பிடிப்பு ஒரு கணம் விடுபட, நட்டு இம்மி இம்மியாகப் பின்வாங்குகிறது. அன்றியும், நன்கு முடுக்கிய ஆணி வண்டியின் ஏற்ற இறக்கங்களைச் சிறிதே உணரும். தளர்ந்த ஆணியோ ஒவ்வொரு சுழற்சியிலும் முழு அடியையும் வாங்கிச் சோர்வுற்று முறியும். ஒன்று முறிந்தால் அதன் சுமை அண்டை ஆணிமேல் விழும். மரை கழன்றவன் என்று மனிதரைப் பழிக்கும் வழக்கு நம்மிடம் உண்டு. சக்கரத்திலோ மரை கழல்வதற்கு வெகு முன்பே கேடு தொடங்கிவிடுகிறது.

இடப்பக்கச் சக்கரத்திற்கு இடமரை வைத்த காலம் ஒன்று இருந்தது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலும், 1970ஐ ஒட்டிய காலம் வரை அமெரிக்கக் கிரைஸ்லர் கார்களிலும் அவ்வாறே அமைத்தனர். முன்னோக்கிச் சுழலும் இடச்சக்கரம் வலமரை நட்டைத் தளர்த்திவிடும் என்னும் கருத்தே அதற்குக் காரணம். போதிய நெருக்கம் இருப்பின் அது தேவையில்லை என்று கண்டு கார்களில் அதனை விட்டுவிட்டனர். பழைய ஜீப்பையோ பழைய லாரியையோ கையாளுவோர் மட்டும் ஸ்டட்டின் முனையில் எழுத்துக் குறி உண்டா என நோக்கியபின் ஸ்பானரைத் தொடுதல் நலம். தளர்த்துவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே போய் ஆணியை முறித்தவர் பலர்.

கையின் அனுபவத்தை நம்பலாகாதா என்று கேட்பர். முப்பதாண்டு ஸ்பானர் பிடித்த கைக்கு நான் மதிப்புத் தருகிறேன். ஆனால் கை உணர்வது திருப்புவிசையை. நமக்கு வேண்டுவதோ இழுவிசை. இவ்விரண்டுக்கும் இடையே உராய்வு என்னும் நிலையற்ற தரகன் நிற்கிறான். டார்க் ரெஞ்சு எனப்படும் அளவுச்சாவியால் முடுக்கினாலும் இழுவிசையில் நூற்றுக்கு 25 முதல் 30 வரை கூடுதல் குறைவு நேரும் என்பதைப் பொறியாளரே ஒப்புக்கொள்கின்றனர். அளவுச்சாவியின் நிலையே இதுவாயின், மிதித்து முடுக்குவதன் நிலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் ஏறி நின்றால் 235 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. அவர் சற்றுத் துள்ளினால் அதனினும் மிகும். ஸ்பானரில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி 40 கிலோ விசையால் அழுத்தினால் ஏறக்குறைய 390 நியூட்டன் மீட்டர். சிறு காருக்கு வேண்டியதைப்போல் மூன்றரை மடங்கு. கூம்பு இருக்கையின் கூடுதல் உராய்வே அந்த வேளையில் ஆணியைக் காத்து நிற்கிறது. கிரீஸ் தடவியவர் அந்தக் காவலனையும் அனுப்பிவிடுகிறார்.

மிகையாக முடுக்குவதன் தீங்கு ஆணியோடு நிற்பதில்லை. ஒரு பக்கம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் முடுக்கினால் பிரேக்குத் தட்டு கோணி, மிதிகட்டையில் துடிப்பு எழும். மற்றொன்றை எவரும் எண்ணுவதில்லை. காற்றழுத்தப் பொறியால் பட்டறையில் முடுக்கிய நட்டை, வண்டியோடு கொடுக்கும் கால் மீட்டர் நீளக் கைப்பிடியால் வழியில் எவர் கழற்றுவது? தடுப்பூசிப் பெட்டியோடு மாலையில் திரும்பும் சுகாதாரச் செவிலியருக்கு டயர் பஞ்சராகி, ஸ்டெப்னி பின்னால் இருந்தும் பயனின்றி, ஊரில்லா வழியில் நிற்க நேருமாயின், அது அவர் குற்றமன்று.

டிரெய்லர்களைப் பற்றித் தனித்துக் கூறவேண்டும். ஏனெனில் இத்துறையில் மிகுந்த புறக்கணிப்புக்கு ஆளாவது அவையே. மேற்கு மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களிலும் கரும்பு அரைவைக் காலத்தில் டிராக்டர்கள் கரும்பைக் குவித்து ஏற்றிய டிரெய்லர்களை இழுத்துச் செல்வதையும், சில இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டை இழுப்பதையும் காண்கிறோம். பஞ்சாபில் டிராலி என்று வழங்கும் இவ்வண்டியில் தானியமும் செல்கிறது. சட்டம் தடுத்தும் திருமணக் கூட்டமும் செல்கிறது. வில்லற்ற அச்சு, அளவுமீறிய பாரம், மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் நின்ற சக்கரம், எங்கோ வாங்கிய பழைய தட்டு, பருவத்துக்கு முன் தாராளமாகப் பூசிய வண்ணம் ஆகிய அனைத்தும் ஒருங்கே கூடுமிடம் டிரெய்லரே. காரில் நட்டு தளர்ந்தால் ஓட்டுநரின் கைக்குச் செய்தி வருகிறது. ஸ்டீயரிங் ஆடுகிறது, மெல்ல ஓடும்போது டக்டக் என்னும் ஒலி கேட்கிறது. டிரெய்லரின் சக்கரம் டிராக்டரின் இரைச்சலுக்குப் பின்னால் ஓசையின்றித் தளர்கிறது. கழன்று உருண்ட சக்கரம் சாலையோரம் நடப்பவரை நோக்கியும் ஓடலாம். பாரவண்டிச் சக்கரம் டயரோடு மனிதரின் எடையை ஒத்திருக்கும்.

டெக்ஸ்டர் என்னும் அமெரிக்க டிரெய்லர் அச்சுத் தயாரிப்பாளர், சக்கரத்தை மாட்டியபின் நட்டுகளை மூன்று படிகளில் முடுக்குமாறும், பின்னர் 10, 25, 50 மைல் ஓடியதும், அதாவது 16, 40, 80 கிலோமீட்டர்களில், மீண்டும் முடுக்கிச் சோதிக்குமாறும் விதிக்கிறார். வண்ணமும் துருவும் நசுங்கி முகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு இவ்வளவு ஓட்டம் வேண்டும் என்பதை நன்கு அறிந்த விதி இது. நம் நாட்டில் கார்களுக்கும் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மீண்டும் முடுக்குதல் வேண்டும். தகுதிச் சான்று வாங்க வண்டி ஆண்டுக்கொருமுறையோ ஈராண்டுக்கொருமுறையோ சோதனைக்குச் செல்கிறது. நூறு கிலோமீட்டரில் நேரும் தளர்ச்சியைச் சான்றிதழ் எவ்வாறு தடுக்கும்?

முடுக்கும் முறையை அறியாதார் சிலரே, பின்பற்றாதார் பலர். ஜாக்கியில் சக்கரம் தூக்கி நிற்கையில் எல்லா நட்டுகளையும் முதலில் கையால் சுழற்றி இருக்கையில் அமர்த்துக. எதிரெதிரான நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி முடுக்குக. ஐந்து நட்டு உள்ள சக்கரத்தில் ஒன்று விட்டு ஒன்றாகச் சென்றால் நட்சத்திர வடிவம் கிடைக்கும். சக்கரம் தரையில் ஊன்றிய பின்னரே இறுதி அளவு. நீண்ட இறக்கத்தில் பிரேக்குப் பிடித்து வந்து குடம் கொதிக்கும்போது முடுக்கலாகாது. இரும்புச் சக்கரத்தின் நட்டை அலுமினியச் சக்கரத்துக்கும், கூம்பு நட்டைப் பந்து வடிவ இருக்கைக்கும் மாற்றிப் பூட்டலாகாது. அத்தகைய நட்டு ஒரு கோட்டளவில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். அளவுச்சாவி ‘கிளிக்’ என்றதும் நிறுத்துக. உறுதிக்காக இன்னும் இருமுறை இழுப்பது உறுதியன்று. பொறியால் மிகையாக முடுக்கப்பட்ட நட்டின்மேல் அளவுச்சாவியை வைத்தாலும் அது உடனே கிளிக் என்றுதான் கூறும். ஆகவே பட்டறையிலிருந்து வந்த வண்டியை உண்மையில் சோதிக்க விரும்புவோர், நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மீண்டும் அளவோடு முடுக்க வேண்டும்.

அளவைப் பற்றி மற்றுமொரு எச்சரிக்கை. பழைய கைந்நூல்கள் அடி-பவுண்டில் எண் தருகின்றன. ஓர் அடி-பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். 80 அடி-பவுண்டு என்பதை 80 நியூட்டன் மீட்டர் என்று படித்தவர், வேண்டிய முடுக்கில் கால் பங்குக்கும் மேலாகக் குறைத்துவிடுகிறார். மெட்ரிக் முறை நம் நாட்டில் 1958இல் நடைமுறைக்கு வரத்தொடங்கியும், இறக்குமதியான கருவிகளின் கைப்பிடியில் இரு அளவுகளும் பொறிக்கப்பட்டிருப்பதால் இக்குழப்பம் இன்றும் நேரக் காண்கிறோம்.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். பல இலட்சம் ரூபாய்க்கு வண்டி வாங்கும் அலுவலகங்கள், சில ஆயிரம் ரூபாய் பெறும் அளவுச்சாவியை வாங்குவதில்லை. அதற்குக் கணக்குத் தலைப்பு இல்லை என்ற விடையை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். விபத்து நேர்ந்தபின் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று கோப்பில் எழுதுவதற்கு மட்டும் தலைப்புத் தேவைப்படுவதில்லை. கருவியைக் கொடாமல் பொறுப்பை மட்டும் கொடுப்பது நேர்மையன்று. ஓட்டுநருக்கு அந்த வண்டியின் எண் தெரிந்திருக்க வேண்டும். அவ்வெண்ணும், ‘உலர்ந்த மரை’ அல்லது ‘எண்ணெய் இட்ட மரை’ என்ற குறிப்பும், கதவின் உட்புறத்தில் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்க வேண்டும். லாக் புத்தகத்தில் எரிபொருளுக்கும் கிலோமீட்டருக்கும் பத்திகள் உள்ளன. சக்கரம் கழற்றிய நாள், மீண்டும் முடுக்கிய கிலோமீட்டர் என இன்னும் இரு பத்திகளைக் கோடிட்டுக்கொள்ள எந்த ஆணையும் வேண்டுவதில்லை. சாவியை ஆண்டுக்கொருமுறையோ 5,000 முறை பயன்படுத்திய பின்னரோ, எது முந்துகிறதோ அப்போது, அளவு சரிபார்த்தல் வேண்டும். வேலை முடிந்ததும் அதன் அளவை அடிப்படி வரை இறக்கி வைக்கவேண்டும். மூடிய நட்டைக் கழற்ற அதனைப் பயன்படுத்துவது துலாக்கோலால் மண் வெட்டுவது போன்றது.

உழவர்க்குச் சாவி வாங்கித் தருதல் அரிது. அவர்களிடம் களப்பணியாளர் கொண்டுசெல்லத்தக்க வழி ஒன்று உண்டு. செலவு சிறு குப்பி வண்ணம் மட்டுமே. முடுக்கி முடித்த நட்டிலிருந்து தட்டின்மேல் நேராக ஒரு கோடு இழுத்துவிட்டால், காலையில் டிராக்டரைப் பூட்டுவதற்குள் ஒரு பார்வையில் நட்டு திரும்பியுள்ளதா என்று அறியலாம். கோடு பிளந்திருந்தால் வண்டி எடுக்கலாகாது. கோடு நேராக இருப்பதனாலேயே நெருக்கம் இருக்கிறது என்று கொள்ளலாகாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வண்ணம் நசுங்கிய கதையை முன்னரே கண்டோம். நட்டைச் சுற்றி ஓலைவிசிறிபோல் வெளிநோக்கி ஓடும் துருக்கோடுகளும், துளையோரத்தில் பளிச்சென்று தேய்ந்த இரும்பும் தளர்ச்சியின் கையெழுத்துகள். துளை நீள்வட்டமாகிவிட்ட தட்டை எத்துணை முடுக்கினாலும் பயனில்லை. அது பழைய இரும்புக் கடைக்கு உரியது. மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலும், ஆந்திரத்துக் கார்லதின்னேயிலும் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்களுக்குச் செல்லும் பணியாளர், டிராக்டரோடு டிரெய்லரின் சக்கரத்தையும் கழற்றி மாட்டிப் பார்க்க வாய்ப்புக் கேட்டுப் பெறுவாராக.

வழியில் சாவியின்றிச் சக்கரம் மாற்ற நேர்ந்தவர், வண்டியோடு வந்த கைப்பிடியின் முனையைக் கையால் பற்றி, உடலின் பாரத்தைச் சாய்க்காமல், தோளின் வலிவால் குறுக்கு முறையில் முடுக்கட்டும். 28 சென்டிமீட்டர் கைப்பிடியில் 40 கிலோ விசை கொடுத்தால் 110 நியூட்டன் மீட்டருக்கு அண்மையில் வரும். தயாரிப்பாளர் கைப்பிடியை அந்நீளத்தில் அமைத்ததற்கு இதுவும் காரணமாகலாம். காலால் மிதிக்க வேண்டாம். குழாய் தேட வேண்டாம். பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து கிரீஸும் வாங்க வேண்டாம். மெதுவாகச் சென்று, அளவுச்சாவி உள்ள முதல் பட்டறையில் நிறுத்தி, குடம் ஆறியபின், நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மீண்டும் அளவோடு முடுக்கி, கிலோமீட்டரை லாக் புத்தகத்தில் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த நாள் மாலைக்குள் இன்னொரு முறை சோதிக்கவேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதிவைத்தால், வண்டி வேறொருவர் கைக்கு மாறினாலும் அவ்வேலை விடுபடாது.